நாலாவது ஆளைத் தேடும் முன்னால்

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. போன வருடம் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஏஜென்சி மூலம் வைத்த ஆட்கள் ஆறு மாதத்தில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அம்மா குளிக்க மாட்டேன் என்கிறார், தண்ணீரே குடிப்பதில்லை, எடுத்ததற்கெல்லாம் கோபம். நல்ல ஆளாக எப்படிப் பார்ப்பது?

பதில்: போன மூன்று பேருமே மோசமானவர்களாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏஜென்சியிடம் என்ன சொல்லி ஆள் கேட்டீர்கள்? "வயசானவங்க, வாக்கர்ல நடப்பாங்க, பிரஷர் இருக்கு" என்றுதானே? உங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது பொருந்தும். இன்னொன்று, இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ஏன் குளிக்க மாட்டேன் என்று அம்மா என்ன காரணம் சொன்னார் என்பது அதில் இல்லை. கேட்டீர்களா?

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். வயதானால் தாகம் குறைவாகத்தான் தெரியும், அது ஒரு பக்கம். ஆனால் ஒருமுறை விழுந்து எலும்பு முறிந்தவர்கள் தண்ணீரைத் தள்ளினால் நான் முதலில் பாத்ரூமைத்தான் போய்ப் பார்ப்பேன். குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் தூங்குகிற ஆளை எழுப்ப வேண்டும், இருட்டில் ஈரத் தரையில் கால் வைக்க வேண்டும், இதற்குக் குடிக்காமலேயே இருந்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி, ஒரு சின்ன விளக்கு. பிரஷர் மாத்திரையில் சிறுநீர் அதிகம் போக வைக்கிற வகை இருந்து அதைச் சாயங்காலம் கொடுக்கிறீர்கள் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதயமோ சிறுநீரகமோ சரியில்லாதவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

குளியலும் கிட்டத்தட்ட இதே கதைதான், கூடவே வெட்கம். அறுபது எழுபது வருடம் தன் கையால் ஊற்றிக் குளித்தவரை, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பெண் வந்து, அவள் ஷிஃப்ட் முடிவதற்குள் ஆகட்டும் என்று காலை ஏழு மணிக்குப் புடவையை அவிழ்க்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், காலில் ரப்பர் வைத்த குளியல் நாற்காலி வாங்குங்கள், சுவரில் பிடிக்கக் கம்பி அடியுங்கள். தோளில் ஒரு துண்டு கிடக்கட்டும், சொம்பு அம்மா கையிலேயே இருக்கட்டும், முதுகும் காலும் மட்டும் அந்தப் பெண் தேய்க்கட்டும். தினமும் தலையோடு குளித்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, இடையில் வெந்நீரில் துடைத்துவிட்டாலும் போதும்.

சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய குழுவும் 1963-ல் வெளியிட்ட ஒரு அளவுகோல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, ஒருவர் அன்றாட வேலைகளில் எதையெல்லாம் தானே செய்துகொள்கிறார் என்று அதில் பார்ப்பார்கள்: குளியல், உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுவது, மலஜலம் அடக்குவது, சாப்பிடுவது. முடியும், முடியாது என்று டிக் அடிக்காமல், ஒவ்வொன்றிலும் அம்மா தானே எவ்வளவு தூரம் செய்கிறார், எந்த இடத்தில் கை வேண்டும் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். பட்டன் போட வராது, ஆனால் புடவை மடிப்பு அவரே வைப்பார் என்கிற மாதிரி. காபி எத்தனை மணிக்கு, எந்தக் காது மந்தம், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்பதும் அதில் வர வேண்டும். ("பாப்பா, மம்மம் சாப்பிடலாமா" என்று பேசுகிற உதவியாளர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கே கோபம் வரும்.)

கோபத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாதக்கணக்கில் இருப்பது வேறு. ஒன்றிரண்டு நாளில் திடீரென்று ஆள் மாறிப்போய், சம்பந்தமில்லாமல் பேசி, பகலெல்லாம் தூங்கி வழிந்தால் அதை மூட் சரியில்லை என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், புதிதாக ஆரம்பித்த மாத்திரையாகவும் இருக்கலாம். காய்ச்சல் இல்லாமலேயே இப்படி வரும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, புது ஆளுக்கு வருவோம். வருகிறவரிடம் எத்தனை வருட அனுபவம் என்று கேட்பதோடு, "குளிக்க மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றும் கேளுங்கள். "எப்படியாவது குளிக்க வெச்சிடுவேன்" என்பவர் வேண்டாம். முதல் இரண்டு நாள் நீங்களோ கணவரோ லீவு போட்டுக் கூட இருங்கள். நோட்டை அவளிடம் கொடுக்கும்போது அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும், தப்பாக எழுதியிருந்தால் அவரே திருத்துவார்.