அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த போர் வீரர் யாராவது நீண்ட காலம் இருந்தாரா?

இருந்தார். என் மனதில் முதலில் வருபவர் அயோவா மாநிலத்தின் நீல் ஸ்மித். 1920-இல் ஹெட்ரிக் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானி; விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டும் உயிர் தப்பினார். அப்புறம் சட்டம் படித்து, 1959 முதல் 1995 வரை, 36 ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில் இருந்தார்.

நான் பெரிதாக மதிப்பது அவரது 1967 இறைச்சிச் சட்ட முயற்சியைத்தான். அதுவரை மாநிலத்துக்குள்ளேயே விற்கும் இறைச்சிக்கூடங்களுக்கு மத்திய அரசின் சோதனை கிடையாது. சுகாதாரமற்ற இறைச்சி அந்த ஓட்டை வழியாகத்தான் மக்களிடம் போனது. மாநிலச் சோதனையும் மத்தியச் சோதனைக்கு இணையாக இருக்க வேண்டும் என்று புதுச் சட்டம் சொன்னது. கால்நடைகளோடு வளர்ந்தவருக்கு இது ஏட்டு விஷயம் அல்ல. அதிகாரிகள் சொந்த உறவினரை அரசு வேலையில் அமர்த்தக் கூடாது என்ற தடையும் அதே ஆண்டு அவர் முயற்சியால் வந்ததே.

1994 தேர்தலில் தோற்றார். 2021-இல், 101 வயதில் மறைந்தார். பிரெய்ரி சிட்டி அருகே அவர் பெயர் தாங்கிய வனவிலங்குப் புகலிடத்தில், உழவில் அழிந்த உயரப்புல் சமவெளியை மறுபடி வளர்க்கிறார்கள். காட்டெருமைகள் அங்கே மேய்கின்றன.