எஸ்எஸ்என் அட்டையைப் படம் எடுத்து அனுப்பலாமா?

தம்பி, டல்லாஸ் வந்து ஒரு மாதம் ஆகிறது, எஸ்எஸ்என் (அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்) அட்டை இப்போதுதான் தபாலில் வந்தது, வாடகைக்கு வீடு தருகிறேன் என்றவர் அதை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார், அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பாதீர்கள். நான் அனுப்பி மாட்டிக்கொண்டவன்.

வந்த புதிதில் எனக்கும் இதே அவசரம்தான். ஹோட்டல் பில் ஏறிக்கொண்டே இருந்தது. வீட்டைக்கூடப் பார்க்காமல் அட்டை, பாஸ்போர்ட் இரண்டையும் அனுப்பிவிட்டேன். அந்த வீடே அவருடையது இல்லை. எட்டு மாதம் சத்தமில்லை. அப்புறம், நான் கால் வைக்காத ஊரில் என் பெயரில் வாங்கிய மெத்தைக்கும் சோபாவுக்கும் பாக்கி கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அது என் கடன் இல்லை என்று நிரூபிக்க ஐந்து மாதம் ஆனது.

இங்கே அந்த ஒன்பது இலக்க எண், பிறந்த தேதி, முகவரி மூன்றும் கையில் இருந்தால் பல இடங்களில் கடன் வாங்கிவிடலாம். சரி, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டால் போதுமா? போதாது. 2017-இல், எல்லோருடைய கடன் விவரங்களையும் பதிந்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்தே சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. எண் வெளியே போனாலும் அதை வைத்துக் கடன் வாங்க முடியாதபடி செய்வதுதான் காரியம்.

அதற்கு கிரெடிட் ஃப்ரீஸ் என்று பெயர். ஈக்விஃபாக்ஸ், அதே வேலையைச் செய்யும் எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து சட்டப்படி இலவசம், கிரெடிட் ஸ்கோரும் குறையாது. கார் லோன் வாங்கும்போது ஆன்லைனில் கேட்டால் ஃப்ரீஸை ஒரு மணி நேரத்துக்குள் நீக்கித்தர வேண்டும் என்பது விதி. பக்கத்திலேயே மாதச் சந்தாவுக்கு ஏதாவது விற்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். ஒரே சிக்கல், புதிதாக வந்தவர் பெயரில் அவர்களிடம் இன்னும் ஒரு விவரமும் இருக்காது. முதல் கிரெடிட் கார்டு வாங்கிச் சில மாதம் ஆனதும் மறக்காமல் செய்யுங்கள்.

அப்போது பெயர் படுத்தும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்போம். பேங்கில் ஒரு மாதிரி, அட்டையில் ஒரு மாதிரி இருந்தால் ஆன்லைனில் ஏற்காமல் போகலாம். முதல் நாளிலிருந்தே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ரகசியக் கேள்வியாக அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரைக் கேட்பார்கள். நம் அம்மாக்களுக்கு ஏது குடும்பப் பெயர்? நான் ஒரு குழம்பின் பெயரைப் போட்டிருக்கிறேன். எந்தக் குழம்பு என்று கேட்காதீர்கள்.

வேலை செய்யும் கம்பெனி, பேங்க், வரிக் கணக்கு, இவற்றுக்கு எண் கொடுத்துத்தான் ஆக வேண்டும். டாக்டர் ஆபீஸ் படிவத்தில் அந்தக் கட்டத்தை நான் காலியாகவே விடுகிறேன். இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அட்டையைப் பர்ஸில் வைக்காதீர்கள். உங்கள் பெயரில் வேறொருவர் வரிக் கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்காமல் இருக்க வரித்துறையான ஐஆர்எஸ், ஐபி பின் என்ற ஆறு இலக்க ரகசிய எண் தருகிறது, அதையும் வாங்கிவிடுங்கள். இமிக்ரேஷன் ஆபீசர் பேசுகிறேன், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். திரையில் தெரியும் நம்பரை நம்பாதீர்கள், அதையும் போலியாகக் காட்ட முடியும்.

இப்போது அந்த வீடு. அது டல்லாஸ் கவுன்டியில் இருந்தால் சொத்து வரிக்கு மதிப்பிடும் டிசிஏடி அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியைப் போடுங்கள், உரிமையாளர் பெயர் வரும், காசு இல்லை. அப்புறம் நேரில் பார்க்க நேரம் கேளுங்கள். நான் வெளியூரில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று பதில் வந்தால் நம்பரை பிளாக் செய்துவிடுங்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.