கார் பதில்கள்: லிங்கன் கான்டினென்டல்

கேள்வி: 'கான்டினென்டல் மார்க் 3' என்று தேடினால் 1958-ல் ஒரு காரும் 1969-ல் வேறொரு காரும் வருகின்றன. இரண்டுக்கும் சாயலே இல்லை. எது உண்மையான மார்க் 3? (வாசகர், கோவை)

இரண்டுமே. குழப்பம், லிங்கன் கார்களைத் தயாரிக்கும் ஃபோர்டு நிறுவனமே உண்டாக்கியது.

1939-ல் நிறுவனத் தலைவர் எட்செல் ஃபோர்டு தன் சொந்த உபயோகத்துக்காக, வடிவமைப்பாளர் கிரிகோரியிடம் சொல்லி லிங்கன் ஜெஃபிர் காரைத் தாழ்த்தி நீட்டச் செய்தார். முதல் கான்டினென்டல் அதுதான். 12 சிலிண்டர் இன்ஜின், டிக்கிக்குப் பின்னால் வெளியே நிமிர்த்தி வைத்த ஸ்டெப்னி. அந்த வரிசை 1948-ல் நின்றது. 1956-ல் மார்க் 2 வந்தது. விலை கிட்டத்தட்ட 10,000 டாலர். இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 3,000 கார்கள்தான் செய்தார்கள், விற்ற ஒவ்வொன்றிலும் நஷ்டம். ஆனாலும் அமெரிக்கக் கார்களெல்லாம் வால் சிறகும் குரோமியமுமாக மின்னிய காலத்தில் இவ்வளவு அடக்கமாக ஒரு கார் வந்தது பெரிய விஷயம்.

அடுத்து 1958, 59, 60 மாடல்களுக்கு மார்க் 3, 4, 5 என்று பெயர் வைத்தார்கள். சுமார் 5.8 மீட்டர் நீளம், சாய்வாகப் பதித்த நான்கு ஹெட்லைட், உட்பக்கமாகச் சரிந்து கீழே இறங்கும் பின் கண்ணாடி. இவை எடுபடவில்லை. பிறகு ஃபோர்டு உயர் அதிகாரி லீ அயக்கோக்கா, ஃபோர்டின் இன்னொரு காரான தண்டர்பேர்டின் அடித்தளத்தில் ஒரு இரண்டு கதவு காரைச் செய்யவைத்து, அந்த மூன்றையும் கணக்கில் சேர்க்காமல், மார்க் 2-க்கு வாரிசு என்ற முறையில் மீண்டும் 'மார்க் 3' என்று பெயரிட்டார். 1968-ல் விற்பனைக்கு வந்த 1969 மாடல் அது. இதே வழியில் 1972-ல் இன்னொரு மார்க் 4, 1977-ல் இன்னொரு மார்க் 5. படத்தில் ஹெட்லைட் மூடிக்குள் மறைந்து, டிக்கியில் ஸ்டெப்னி வடிவப் புடைப்பு இருந்தால் பிந்தைய மார்க் 3. அந்தப் புடைப்பு வெறும் அலங்காரம்; மார்க் 2-வில் மட்டும் அதற்குள் நிஜமாகவே ஸ்டெப்னி நின்றது.

கேள்வி: 1961 மாடலில் பின்கதவுகள் ஏன் எதிர்ப்பக்கமாகத் திறக்கின்றன? பார்வைக்காகவா? (வாசகர், திருச்சி)

பார்வைக்கு நன்றாக அமைந்தது உண்மை, காரணம் இடப்பற்றாக்குறை. 1960 மாடலின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) 131 அங்குலம். 1961-ல் அதை 123 ஆக்கினார்கள். வடிவமைப்பாளர் எல்வுட் எங்கெல் இந்த வடிவத்தை முதலில் இரண்டு கதவு தண்டர்பேர்டுக்காகத்தான் வரைந்தார். அது தேர்வாகவில்லை. லிங்கனையே மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஃபோர்டு உயர் அதிகாரி ராபர்ட் மெக்னமாரா அதைப் பார்த்து, நான்கு கதவு வைக்க முடியுமா என்று கேட்டார். குறுகிய உடலில் நான்கு கதவு வைத்தபோது, பின்சீட்டிலிருந்து இறங்குபவரின் கால் கதவில் இடித்தது. கீலைப் பின்பக்கம் மாற்றியதும் கால் வைக்க வழி கிடைத்தது.

இந்த அமைப்பில் ஆபத்தும் உண்டு. ஓடும்போது சரியாகப் பூட்டாத பின்கதவைக் காற்றே பிடித்து முழுக்கத் திறந்துவிடும். அதனால்தான் கதவு சாத்தாவிட்டால் எரியும் எச்சரிக்கை விளக்கை டேஷ்போர்டில் வைத்தார்கள்.

எங்கள் கருத்தில் கான்டினென்டல் வரலாற்றின் உச்சம் இந்த 1961 கார்தான். முந்தைய காரைவிட ஒன்றேகால் அடி நீளம் குறைந்தது; பக்கவாட்டில் ஒட்டு வேலை இல்லை. மட்கார்டின் மேல்விளிம்பில் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரே கோடாக ஓடும் பளபளப்புப் பட்டை ஒன்றுதான் அலங்காரம். தரத்திலும் இதே கண்டிப்பு. ஒவ்வொரு இன்ஜினையும் பெஞ்சில் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். முடிந்த காரைச் சாலையில் 12 மைல் சோதித்தார்கள். 24 மாதம் அல்லது 24,000 மைல் உத்தரவாதம் தந்தார்கள்.

கேள்வி: 1961 காரின் கன்வெர்டிபிள் (மடித்து வைக்கும்) கூரை பாதியில் நின்றுவிடும் என்கிறார்களே, ஏன்? (வாசகர், கிள்ளான்)

வேலை நடக்கும் வரிசை தெரிந்தால் பழுது புரியும். முதலில் டிக்கி மூடியின் பூட்டு விடுபடுகிறது. மூடி பின்பக்கக் கீலில் எழுந்து நிற்கிறது. கூரை வின்ட்ஷீல்டிலிருந்து விடுபட்டு, மடிந்து டிக்கிக்குள் இறங்குகிறது. மூடி திரும்ப வந்து பூட்டிக்கொள்கிறது. மோட்டார்களும் ஹைட்ராலிக் பம்ப்பும் இதைச் செய்கின்றன. ஒரு படி முடிந்ததை லிமிட் சுவிட்ச் (பாகம் எல்லையைத் தொட்டதும் இயங்கும் சுவிட்ச்) உணர்த்தினால்தான் அடுத்த படிக்கான ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்கும். ஆகவே ஒரு சுவிட்ச் அழுக்கேறினாலோ இடம் பிசகினாலோ எல்லாமே அங்கேயே நின்றுவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. மோட்டார் இழுக்கும்போது வோல்ட்டேஜ் சரிந்தால் ரிலே விட்டுவிடும். எனவே இன்ஜினை ஓடவிட்டுத்தான் கூரையை இயக்க வேண்டும். அடுத்து எர்த் இணைப்புகளின் துருவைச் சுரண்டுங்கள். பிறகு, எந்தப் படியில் நின்றதோ அந்தப் படியின் லிமிட் சுவிட்சையும், டிக்கி கீல் அருகே வளைந்து வளைந்து உள்ளுக்குள் அறுந்துபோகும் ஒயரையும் மல்டிமீட்டரில் சோதியுங்கள். பம்ப்பைக் கழற்றுவது கடைசி. பாதியில் நின்ற மூடியைக் கையால் அழுத்தவே கூடாது. தகடு நெளிந்தால் பூட்டு மறுபடி நேராக உட்காராது.

கேள்வி: 1960-களின் கான்டினென்டலின் 1:18 அளவு மாதிரிக் கார் வாங்கினேன். பெட்டியில் ஆண்டு இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், மதுரை)

அளவுகோல் எடுங்கள். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 17.4 செ.மீ. இருந்தால் 1961–63; 17.8 என்றால் 1964 அல்லது அதற்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த ஆண்டு வீல்பேஸ் 126 அங்குலமானது. அளவில் சந்தேகம் வந்தால் கதவுக் கண்ணாடியைப் பாருங்கள். முதல் மூன்று ஆண்டுகளில் அது வெளிப்பக்கம் லேசாக வளைந்திருக்கும், 1964-லிருந்து தட்டையானது. அந்த மாற்றம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. கூரை பெட்டி போலாகிவிட்டது. இண்டிகேட்டர் பம்பரை விட்டு மட்கார்டு முனைக்கு ஏறியிருந்தால் 1965 அல்லது அதற்குப் பிந்தையது. இரண்டு கதவு மட்டும் என்றால் 1966-க்கு முந்தையதாக இருக்காது. நான்கு கதவு கன்வெர்டிபிள் 1967-உடன் நின்றது.

கேள்வி: அந்தப் பின்கீல் கதவு பிறகு வரவே இல்லையா? (வாசகர், சேலம்)

1969 மாடலோடு போனது. 2019-ல் கான்டினென்டலின் 80-வது ஆண்டுக்காக 80 கார்களை மட்டும் மாசசூசெட்ஸில் ஆறு அங்குலம் நீட்டி, பின்கீல் கதவு பொருத்திக் கொடுத்தார்கள். 2020-லும் சிறு எண்ணிக்கையில் செய்தார்கள். கான்டினென்டல் தயாரிப்பும் அந்த ஆண்டோடு நின்றுவிட்டது.