இஞ்சி நானோ துகளை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) நான்கு வருடமாக மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது மலத்தில் ரத்தம் இல்லை. இஞ்சி நானோ துகளைக் குடித்தால் பெருங்குடல் புண் ஆறும் என்று படித்தேன். மாத்திரையை விட்டுவிட்டு இஞ்சிச் சாறுக்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். ரத்தம் நின்றிருப்பதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. நிறுத்தினால் நோய் திரும்பக் கிளம்பும் வாய்ப்பு கூடும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிடியர் மெர்லின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றித்தான் நீங்கள் படித்திருப்பீர்கள் என நினைக்கிறேன். இஞ்சிச் சாற்றை அதிவேகமாகச் சுழற்றிப் பிரித்து, சுமார் 230 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துகள்களை மட்டும் எடுத்து வாய்வழியாகக் கொடுத்தார்கள். பெருங்குடல் அழற்சி குறைந்தது. ஆனால் கொடுத்தது எலிகளுக்கு! வீட்டு மிக்சியில் அடித்த சாறு அந்த மருந்தாகிவிடாது. சமையலில் இஞ்சி தாராளமாகச் சேர்க்கலாம், அது வேறு விஷயம்.

நானோ துகள் மேல் இவ்வளவு ஆசை எதற்கு? அழற்சி உள்ள இடத்தில் குடல்சுவரின் தடுப்பு தளர்ந்திருக்கும், துகள்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் அங்கே குவிந்திருக்கும். அதனால் மருந்து புண்ணிலேயே தங்கும் என்பது கணக்கு. எலிகளில் துகள் சிறுக்கச் சிறுக்க அதிகம் ஒட்டியது. ஜெர்மனியில் 2013இல் வெளிவந்த ஆய்வில் நோயாளிகளுக்கே ஆசனவாய் வழியாகத் துகள்களைக் கொடுத்துப் பார்த்தபோது கதை மாறியது: 250 நானோமீட்டர் துகளைவிட, பத்து மடங்குக்கும் மேல் பெரிய 3 மைக்ரோமீட்டர் துகள்தான் புண்ணில் அதிகம் சேர்ந்தது. எலி முடிவை வைத்து மருந்தை மாற்றக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மருந்தைப் பெருங்குடல்வரை கொண்டுசேர்க்கும் வேலையை உங்கள் மாத்திரையும் செய்கிறது. பல பிராண்டுகளின் மேலுறை, காரத்தன்மை கூடும் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வந்த பிறகுதான் கரையும். அதனால் உடைத்தோ பொடித்தோ விழுங்காதீர்கள். மாத்திரை முழுசாக மலத்தில் அடிக்கடி வெளியே வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்று வேளை விழுங்குவது அலுப்பாக இருக்கிறதா? நோய் அடங்கியிருக்கும் காலத்தில் பலருக்கு மொத்த அளவையும் ஒரே வேளையாகக் கொடுக்கலாம், கேட்டுப் பாருங்கள். அப்படியே குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் மலப் பரிசோதனையும், மெசலமைன் சாப்பிடுவதால் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் எப்போது செய்யவேண்டும் என்று விசாரியுங்கள். மூட்டுவலி, தலைவலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக்கை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிலருக்கு அடங்கிய கொலைட்டிஸை அவை கிளப்பிவிடும்.