எப்படியும் அழியப்போகும் கருவை ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் என்ன தவறு?

கேள்வி இதுதான்: உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் மிஞ்சும் கருக்களை எப்படியும் அழிக்கத்தான் போகிறார்கள்; அவற்றிலிருந்து, உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை எடுப்பதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

நியாயமான கேள்வி. மிஞ்சிய கருவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்பதுதான் என் நிலைப்பாடும். ஆனால் "எப்படியும் அழியத்தானே போகிறது" என்ற வாதம் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது.

முதலில் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கருவுற்ற ஐந்தாம் ஆறாம் நாளில் கரு என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே இருக்கும் உருண்டை. நூறு, இருநூறு செல்கள் இருக்கும். வெளிச்சுவர்ச் செல்கள் நஞ்சுக்கொடியாக வேண்டியவை. உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு திரள்தான் குழந்தையாக வேண்டியது. புரோனேஸ் என்ற நொதியைக் கொண்டு மேலுறையைக் கரைப்பார்கள். பிறகு செல்களில் போய் ஒட்டும் ஆன்டிபாடியும், அது ஒட்டிய செல்லை உடைக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் சேர்த்து வெளிச்சுவரைச் சிதைத்து, எஞ்சும் உள்திரளை, மேலும் பெருகாதபடி செய்யப்பட்ட எலிச் செல்களின் படுகைமேல் வைத்து வளர்ப்பார்கள். வெளிச்சுவர்ச் செல்கள் மிச்சமிருந்தால் அவை படர்ந்து திரளை அமுக்கிவிடும். திரளை அவசரப்பட்டுப் பிரித்தால் செல்கள் செத்துப்போகும். தாமதித்தால் வேறு வகைச் செல்களாக மாறத் தொடங்கிவிடும். 1998இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழு முதன்முதலாக இதைச் சாதித்தபோது, பிரித்தெடுத்த 14 உள்திரள்களிலிருந்து கிடைத்தவை 5 செல் வரிசைகள், அதாவது ஒரு கருவின் செல்களிலிருந்து தொடர்ந்து பெருகிக்கொண்டே போகும் செல் பரம்பரைகள்.

இந்த முறையில் கரு பிழைக்க வழியே இல்லை. வெளிச்சுவரைச் சிதைக்கும்போதே அதன் கதை முடிந்துவிடுகிறது. இதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. அழிவது மனித உயிரா, இன்னும் மனிதராகாத ஒன்றா என்பதில்தான் சண்டை.

கருவுற்ற கணத்திலிருந்தே முழு மனிதருக்குரிய மரியாதை உண்டு என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. முதல் நாற்பது நாள் வரை கருவை வெறும் நீராகக் கருதும் கூற்று யூத மரபில் உண்டு. நம் பக்கத்திலும் ஒரே குரல் இல்லை: சரக சம்ஹிதை உயிர் சேர்ந்தால்தான் கர்ப்பமே என்கிறது, கர்ப்போபநிஷத் ஏழாம் மாதத்தில் ஜீவன் சேர்வதாகச் சொல்கிறது. மதநூல்களை வைத்து எல்லோருக்கும் பொதுவான சட்டம் எழுத முடியாது என்பதற்கு இதுவே போதும்.

அதனால்தான் 1984இல் பிரிட்டன் அரசு அமைத்த வார்னாக் விசாரணைக் குழு, கருவை ஆய்வகத்தில் வளர்க்க 14 நாள் எல்லையைப் பரிந்துரைத்தது. ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான் உடலின் தலைப்பக்கம் கால்பக்கத்தைக் காட்டும் முதல் கோடு கருவில் தோன்றுகிறது. அதுவரை ஒரே கரு பிரிந்து இரட்டையராகவும் ஆகலாம். இரண்டு பேராக ஆகக்கூடிய ஒன்றை 'ஒரு நபர்' என்று எப்படிச் சொல்வது என்ற வாதம் எனக்கு வலுவானதாகவே படுகிறது. 2021இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கம் இந்த எல்லையைத் தன் வழிகாட்டுதலில் தளர்த்தியது. இந்திய வழிகாட்டுதல்கள் 14 நாளுக்கு மேல் வளர்ப்பதைத் தடை செய்கின்றன.

அரசுகள் எடுத்த சமரசங்களில் பல எனக்கு ஏற்பில்லை. 2001 ஆகஸ்டில் புஷ், அன்றுவரை உருவான செல் வரிசைகளுக்கு மட்டும்தான் அமெரிக்க அரசின் நிதி என்றார்; 2009இல் ஒபாமா அதை நீக்கினார். ஜெர்மனி தன் மண்ணில் கருவை அழிக்கத் தடை விதித்துவிட்டு, 2002இன் தொடக்கத்துக்கு முன் வெளிநாட்டில் உருவான வரிசைகளை இறக்குமதி செய்ய அனுமதித்தது. பழைய வரிசைகள் போதாமல் போனதும், 2008இல் அந்தத் தேதியை 2007 மே மாதத்துக்குத் தள்ளிவைத்தது. அழிப்பது தவறு என்றால் தேதி நகரக்கூடாது; தவறில்லை என்றால் தேதியே தேவையில்லை.

இனி 'எப்படியும் அழியத்தானே போகிறது' என்ற அந்த வாதம் எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்போம். அது மிஞ்சிய கருவுக்குத்தான் பொருந்தும். ஆராய்ச்சிக்கென்றே உருவாக்கும் கருவுக்குப் பொருந்தாது. அதற்குக் கருமுட்டை வேண்டும், கருமுட்டை ஒரு பெண்ணின் உடலிலிருந்து வரவேண்டும். ஏறக்குறைய பத்து நாள் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்கமருந்து கொடுத்து ஊசிவழியே முட்டை எடுப்பு. சிலருக்குச் சூலகம் அளவுமீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோக்கும், ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. குளோனிங் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்ததாக அறிவித்த தென்கொரிய விஞ்ஞானி ஹ்வாங் ஊ-சுக் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகளைப் பயன்படுத்தியிருந்தார். பணம் கொடுத்து வாங்கியவையும், அவர் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த இளம் பெண்களுடையவையும் அவற்றில் இருந்தன. முடிவுகள் போலி என்று தெரிந்து 2006 ஜனவரியில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கருவைப் பற்றி மட்டுமே பேசும் விவாதங்களில் இந்தப் பெண்கள் கண்ணிலேயே படுவதில்லை. ஆராய்ச்சிக்கென்று கரு உருவாக்குவதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் இவர்கள்தான்.

"ஜப்பானிய விஞ்ஞானி யாமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் தோல் செல்லையே ஸ்டெம் செல் ஆக்கிக் காட்டிவிட்டாரே, இனிக் கரு எதற்கு?" என்றும் கேட்பார்கள். தேவை குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. 2025இல் வெளியான பார்கின்சன் சிகிச்சைச் சோதனைகளில், ஜப்பானில் நடந்தது யாமனாக்கா முறைச் செல்களைக் கொண்டு. வட அமெரிக்காவில் நடந்தது, தாம்சன் 1998இல் உருவாக்கிய ஐந்தில் ஒன்றான எச்9 வரிசையிலிருந்து. ஒரே ஒரு கருவிலிருந்து வந்த செல்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிய பிறகு நோயாளிகளின் மூளைக்குள் போயிருக்கின்றன.

ஆகவே கருவைக் கொடுத்தவர்களிடம் என்ன சொல்லி வாங்கினார்கள் என்பது அற்பமான விஷயமல்ல. புஷ் காலத்து வரிசைகளின் ஒப்புதல் படிவங்களைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, சிலவற்றில் சொல்லவேண்டியதைச் சொல்லாமலே கையெழுத்து வாங்கியது தெரியவந்தது. 2009இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் வகுத்த விதிகள் நல்ல அளவுகோல்: பணம் கூடாது, மறுத்தால் சிகிச்சையின் தரம் குறையக்கூடாது, உறைநிலையில் வைத்திருப்பது, இன்னொரு தம்பதிக்குக் கொடுப்பது, அழிப்பது ஆகிய மாற்று வழிகளையும் விளக்கவேண்டும், செல்கள் விற்பனைப் பொருளாகலாம், லாபத்தில் பங்கு வராது என்பதையும் சொல்லவேண்டும்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, கருவைப் பத்து ஆண்டுக்கு மேல் சேமிக்க முடியாது. அதன்பின் அழியவிடலாம், அல்லது தம்பதியின் ஒப்புதலோடு பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். கருப்பைக்குள் வைக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட மூன்றாம் தரக் கருக்களிலிருந்தே பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையம் இரண்டு செல் வரிசைகளை உருவாக்கியிருக்கிறது. நல்ல கருவை ஆராய்ச்சிக்குத் திருப்பிவிடத் தேவையே இல்லை என்பதற்கு இது சான்று.

கோளாறு நேர்வது, சிகிச்சை தொடங்கும் நாளில் நீட்டும் காகிதக் கட்டில். குழந்தை வேண்டும் என்ற தவிப்பில் இருப்பவர், சிகிச்சை தரும் மருத்துவரே நீட்டினால் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஆராய்ச்சிக்கான ஒப்புதலைத் தனியாக, இனிக் குழந்தைக்கு இந்தக் கரு வேண்டாம் என்று தம்பதி முடிவெடுத்த பிறகு, மருத்துவர் அல்லாத ஒருவர் கேட்கவேண்டும். உங்களிடம் கேட்டால், எந்த நிறுவனத்துக்குப் போகிறது, உங்கள் அடையாளம் செல்லோடு சேர்ந்து போகுமா, எதுவரை மனம் மாறலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். செல் வரிசை உருவாகிவிட்டாலோ, பெயரோடு உள்ள தொடர்பு அறுக்கப்பட்டுவிட்டாலோ, பிறகு திரும்பப் பெற முடியாது.