மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் புது கப்சாய்: செம்பனைத் தோட்ட மண் ரோட்டில் செயின் தட்டுவது ஏன்?

இன்னும் 1,000 கிலோமீட்டர்கூட ஆகாத ஹோண்டா இ.எக்ஸ்.5 கப்சாயில் (சிறிய மோட்டார் சைக்கிளில்) செயின் கவரிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வருகிறது, வண்டியில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், செயின் தொய்ந்திருக்கிறது. புதுச் செயினின் கண்ணிகளை இணைக்கும் ஊசியும் (pin), அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகும்வரை சீக்கிரமே நீளும். செம்மண் சேறு உள்ளே போனால் இன்னும் வேகமாக.

எஞ்சினை நிறுத்தி, நடு ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வையுங்கள். கவரின் ரப்பர் மூடியைக் கழற்றி, கீழ்ப்பக்கச் செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் சுமார் 25–35 மில்லிமீட்டர் இருக்கலாம். உங்கள் கையேட்டில் உள்ள அளவே முடிவு. சக்கரத்தைச் சுற்றி, செயின் ஆக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

இறுக்கும்போது பலர் கோட்டைவிடுவது ஒன்று: அச்சு நட்டோடு, செயின் பக்கமுள்ள பெரிய நட்டையும் தளர்த்தாவிட்டால் சக்கரம் நகராது. இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்கட்டும். சக்கரம் பின்னே போனதும் டிரம் பிரேக் கம்பி இழுபடும். பிரேக் மிதியின் ஆட்டத்தையும் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் பிரேக் ஒட்டிக்கொண்டே சூடேறும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய், பூச 80–90 கியர் எண்ணெய். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும். முதல் சர்வீஸில் பெங்கேல்காரரிடம் (பட்டறைக்காரரிடம்) செயினையும் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எண்ணெய் மாற்றியதோடு அனுப்பிவிடுவார்கள்.