பொய்ப் பழி சுமத்தினால் சட்டப்படி என்ன செய்யலாம்?

ஒருவரின் பெயரைக் கெடுக்கும் பொய்யை மூன்றாவது ஆளிடம் சொல்வதோ எழுதுவதோதான் அவதூறு. தனியாக உங்கள் முகத்துக்கு நேரே திட்டினால் அது அவதூறு ஆகாது. அடுத்தவர் வேலியைத் தாண்டி மாடு பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரர் நஷ்டம் கட்டுகிறார் அல்லவா? பெயருக்கும் அதே நியாயம்தான். ஊரில் கடன் கிடைப்பதும் வியாபாரம் நடப்பதும் பெயரை நம்பித்தானே!

குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவரைப் பற்றி, "சாயம் ஏற்றி விற்கிறார்" என்று கம்பத்துக்காரர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் பொய்யாகப் போடுகிறார் என்று வையுங்கள். முதலில் தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனை மாற்றவோ செய்தியை அழிக்கவோ வேண்டாம். அப்புறம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மறுப்பும் மன்னிப்பும் கேளுங்கள். பல சண்டைகள் இதிலேயே முடியும். நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

மசியவில்லையா? இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். எல்லைப் பகுதிக்காரர்களுக்கு முக்கியமான விஷயம்: பெயர் கெட்ட இடத்திலும் போடலாம், எதிராளி குடியிருக்கும் இடத்திலும் போடலாம். அதாவது குமுளி இருக்கும் கேரளத்தின் இடுக்கி, கம்பம் இருக்கும் தமிழ்நாட்டின் தேனி இரண்டில் எந்தப் பக்கம் என்பது கடைக்காரர் விருப்பம். கிரிமினல் வழிக்கு, குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு இருக்கிறது. 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

போலீசில் புகார் கொடுத்தால் உடனே கைது செய்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவதூறுக்கு அப்படிக் கிடையாது, பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாக முறையிட வேண்டும்.